கண்ணாடிக்குள் ஒரு கழிமுகம்

அத்தியாயம் 9

முனிகிருஷ்ணன் தகர டின்னில் கொண்டுவந்த உப்பேரித் தண்ணீரைக் கனகாம்பாள் கண்ணாடித் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தபோது, போன வாரம் நாம் அவளை விட்டு வந்தோம். அண்ணனும் தங்கையும் அன்று ஏதோ பழைய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் அந்த லைன் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் விடிந்தபோது உளுவை மீன்கள் தொட்டிக்குள்ளிருந்த சேற்று மேட்டில் கிடந்தன.

உளுவை மேட்டில் இருப்பது புதிதல்ல. சேற்று உளுவை தண்ணீரில் பாதியும் சேற்றில் பாதியுமாகப் பிழைக்கிற மீன். விரல் நீளந்தான் இருக்கும். தலைமேல் இரண்டு கண்களும் புடைத்துக்கொண்டு நிற்கும். முன்துடுப்பைக் கை மாதிரி ஊன்றி நடக்கும், தத்தும், ஒன்றையொன்று பார்த்து முதுகுத் துடுப்பை விரித்து முறைக்கும். ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீரில் புரண்டு உடம்பை நனைத்துக்கொண்டால்தான் அதற்கு உயிர் தரிக்கும்.

இன்று உயிரோடிருந்த ஒன்றுகூட இறங்கவில்லை. தண்ணீரை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, கண்ணாடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் பெரியதுக்குத் 'தலையாரி' என்று பேர் வைத்திருந்தான் அவள் புருஷன் பூவராகவன். எப்போதும் கல்லின்மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்க்கிற அந்தத் தலையாரி, தண்ணீரில் வயிறு மேலாக மிதந்தது. அதன் தோல் வெந்ததுபோல் வெளுத்திருந்தது.

கனகாம்பாள் கொசுவலை மூடியை எடுத்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

ஏரித் தண்ணீர் இரண்டு பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு. உப்பு துளி கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். நேற்று ஊற்றும்போதே உப்புக்கு அடியில் வேறு ஒரு சுவை இருந்தது. புது டின், அதனால்தான் என்று விட்டுவிட்டாள். இன்று அது ஊறித் தெளிவாகவே தெரிந்தது. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல இருந்தது.

காறித் துப்பிவிட்டு அவள் வேலையில் இறங்கினாள். அகலமான மண் சட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். கல் உப்பைக் கரைத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் கரைத்தாள். உளுவை படுத்துக்கொள்ள ஓர் ஓட்டுத்துண்டைச் சாய்த்து வைத்தாள். பிறகு கையை நன்றாக நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். காய்ந்த கை பட்டால் தோல் உரிந்துவிடும்.

சட்டிக்குள் விட்டதும் சில புரண்டன. சில அப்படியே கிடந்தன.

அந்தத் தொட்டி வீட்டுக்கு வந்தது போன ஆடியில். அதற்குச் சற்று முன்புதான் கனகாம்பாளுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண்பிள்ளை ஒன்று செத்துப் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஏரிக்கரைக் குப்பத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். வெறுங்கையோடு அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் போய் நிற்க அவளால் முடியவில்லை. ஒருநாள், "மாமா, எனக்குச் சேறு பாக்கணும் போல கீது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பூவராகவன் பழைய இரும்புக்கடையில் ஆங்கிள் கம்பி வாங்கினான். ஆலையில் கூட வேலை பார்க்கிற பாக்கியராஜ் வெல்டிங் அடித்துக் கொடுத்தான். கண்ணாடி வைத்து, ஒழுகுகிற இடத்திலெல்லாம் தார் பூசி, ஏரிச் சேற்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொட்டி, பானையில் உளுவை பிடித்துவந்து விட்டான். கண்ணாடி விளிம்புவரை தண்ணீரை நிரப்பியும் வைத்தான். இரண்டே நாளில் உளுவைகள் மூச்சு முட்டிச் செத்தன.

அப்போதுதான் கனகாம்பாள் சுவரை விட்டு எழுந்து வந்தாள். "முழுகியே கெடக்கற மீனா இது? மேடு போடு மாமா" என்றாள். அன்று அவள் போட்ட மேடுதான் இது. அதற்குப்பின் ஈயும் எறும்பும் பிடித்துப் போடுவதும், இறால் கருவாட்டைப் பொடித்து நனைத்து வைப்பதும், ஓர் உளுவை வாயால் சேற்றை அள்ளி அள்ளித் துப்பி வளை தோண்டுவதைச் சோறு வடிப்பதையும் மறந்து பார்ப்பதுமாக அவள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தாள்.

பூவராகவன் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தான். கம்பி இழுக்கும் ஆலையில் அவனுக்கு அமிலக் குழியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காக்கிச் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துளை. குளிக்காமல் தொட்டிப் பக்கம் வரமாட்டான். இன்று அவள் தரையில் சட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இன்னா ஆச்சு?"

"தலையாரி பூடுச்சு மாமா. இன்னும் ரெண்டு பூடும் போல கீது. தண்ணி சரியில்ல."

அவன் குனிந்து தொட்டியைப் பார்த்தான். மேட்டின் ஓரத்தில், தண்ணீர் தொடுகிற இடத்தில், மஞ்சளாகத் துருக்கோடு ஒன்று படிந்திருந்தது.

"மச்சான் எங்க மொண்டாராம் இந்தத் தண்ணிய?"

"தாழம்புதர் ஓரமாத்தான். எப்பவும் படகை எடுத்துகினு நடு ஏரிக்குப் போவாரு. நேத்து நேரமாயிடுச்சுன்னு ஓடை வந்து சேர்ற எடத்துலயே மொண்டுகினு வந்தாரு. ஏன்?"

அவன் நிமிர்ந்தான். கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் குளித்தான். அவள் வைத்த நாஷ்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

பொழுது உச்சிக்கு ஏறுவதற்குள் முனிகிருஷ்ணன் வந்துவிட்டான். நண்டுக் கூடை இல்லை, டின்னும் இல்லை. தோளில் துண்டுகூட இல்லாமல் வந்திருந்தான்.

"இன்னாண்ணா, நேத்துதான வந்துட்டுப் போன?"

"உங்க அண்ணிக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நேத்து சாயங்காலம் சேத்துல கையால எறா தடவ எறங்கினா. தாழம்புதராண்ட. இடுப்பளவு தண்ணி. கொஞ்ச நேரத்துல காலு எரியுது, கையி எரியுதுன்னு கத்திகினு கரைக்கு ஏறிட்டா. வெந்நீர் கொட்டின மாதிரி தோலு வழண்டு போச்சு. வாழையெலையில போட்டு வச்சிக்கீறோம்."

கனகாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"மடவை மீனுங்க கொத்துக் கொத்தா மெதக்குது. கங்கையம்மாவுக்குக் கோவம்னு பாதிப் பேரு சொல்றாங்க. வலை விட்ட தகராறுல அடுத்த குப்பத்தாளுங்க வெசம் கலந்துட்டாங்கன்னு மீதிப் பேரு சொல்றாங்க. கோலு கம்பு எடுத்துகினு நிக்கறாங்க. சாயங்காலம் ஊர் கூடுது." அவன் பூவராகவன் பக்கம் திரும்பினான். "மச்சான், நீ கம்பெனில மருந்துத் தண்ணியெல்லாம் பாக்கறவன். நம்ம ஊர்ல ஐ.டி.ஐ. படிச்சவன் நீ ஒருத்தன்தான். வந்து பாத்து இன்னதுன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. இல்லாட்டி அடிதடியாயி பேஜாராப் பூடும்."

பூவராகவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வரேன்" என்றான். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனான்.

முனிகிருஷ்ணனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கனகாம்பாள் பின்னால் போனாள். பூவராகவன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"கனகா, அது எங்க ஆலைத் தண்ணி."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கம்பியைத் துரு எடுக்க அமிலத்துல முக்குவாங்க. அது வீணாப் போனதும் குழிக்கு வரும். குழியில சுண்ணாம்பு கலந்து, அதோட காரம் செத்த பெறகுதான் வெளிய விடணும். பொங்கலுக்கப்பறம் சுண்ணாம்பு லாரி வரல. குழி ரொம்பிப் போச்சு. ஓடையில தண்ணி வடியற வத்தம் எறங்கற நேரமாப் பாத்துத் தொறந்து வுடு, தண்ணியோட தண்ணியா ஏரிக்கு இழுத்துகினு பூடும்னு மேஸ்திரி சொன்னாரு."

"யாரு தொறந்தது?"

"நான்தான்."

அடுத்த வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

"நம்ம கொழந்த போச்சே, அப்பவும் தொறந்தியா?"

"இல்ல கனகா. அப்பல்லாம் சுண்ணாம்பு வந்துகினு இருந்தது. சத்தியமாச் சொல்றேன். இந்த மாசந்தான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறானா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்தது. அது தெரிந்தும் அவள் மனசு ஆறவில்லை.

"எனக்குச் சேறு வேணும்னு கேட்டப்ப, சாக்குல கட்டித் தலையில தூக்கிகினு வந்தியே மாமா. அது எந்த எடத்துச் சேறுன்னு உனக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தொறந்த."

"தொறக்கலைன்னா வேலை பூடும்னாரு. ஏரி பெருசு, கரைஞ்சு பூடும்னு நெனச்சிட்டேன்."

அவள் திரும்பினாள். வாசற்படியில் நின்று, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "ஊர்ல நான் எதுவும் சொல்ல மாட்டேன். எங்கண்ணங்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே உன் வாயால சொல்லு."

மண் சட்டியின்மேல் ஈரத் துணியைப் போட்டு அடுத்த வீட்டு முத்தம்மாளிடம் கொடுத்தாள். "துணி காயாம பாத்துக்கக்கா" என்று மட்டும் சொன்னாள். செத்த தலையாரியை வாழையிலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூவரும் பாசஞ்சர் வண்டியில் ஏறினார்கள். வழியெல்லாம் முனிகிருஷ்ணன்தான் பேசினான். அடுத்த குப்பத்தில் இன்னார் இன்னார்மேல் தனக்குச் சந்தேகம் என்று பேர் பேராகச் சொன்னான். பூவராகவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பேரும் அவன்மேல் வந்து விழுந்தது. ஆரம்பாக்கத்தில் இறங்கி, அறுத்துப்போட்ட நெல்வயல்களைத் தாண்டி, உப்பு பூத்த வெட்டவெளியில் நடந்து அவர்கள் கனகாம்பாள் பிறந்த கோரைமேட்டுக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அண்ணி குப்பம்மாள் குடிசைக்குள் படுத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் சுருண்டு சிவந்த சதை தெரிந்தது. இறால் தடவுகிற விரல்கள் பத்தும் வீங்கி விலகி நின்றன.

"வா தம்பி" என்றாள் பூவராகவனைப் பார்த்து. "கனகாவைக் கூட்டிகினு வந்தியா. எத்தினி மாசமாச்சு அவ இந்த ஊட்டுப் படி ஏறி. இந்தக் காலு எரிஞ்சதுலயும் ஒரு நல்லது கீது பாரு."

பூவராகவன் அவள் காலருகே உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதற்குள் வெளியே ஊர் கூடிவிட்டதாகக் குரல் கொடுத்தார்கள்.

வலை காயப்போடுகிற மணலில் ஆண்கள் வளைந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் படகுகளின் மறைவில் நின்றார்கள். நடுவில் ஊர்த் தலைவர் அப்பாவு. மெலிந்த மனிதர். குரலும் மெலிந்ததுதான். ஆனால் அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

"பூவராகவா, நீ ஓடைத் தண்ணியப் பாத்துட்டியா?"

"பாக்க வேணாங்க."

"பாக்காம எப்படிச் சொல்லுவ?"

கனகாம்பாள் படகு மறைவிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பிலிருந்த இலையை எடுத்து அப்பாவுவின் முன்னால் விரித்துவைத்தாள். "நேத்து எங்கண்ணன் மொண்டுகினு வந்த தண்ணி இது மேல பட்டுச்சு. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

அங்கிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கரையில் கிடந்தாலும் ஈரம் இருந்தால் அரைநாள் உயிரோடிருக்கிற மீன் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளுத்துப்போன அந்தத் தோலைப் பார்த்ததும் முனகல் எழுந்தது. "வெசம்தான். நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவன் எழுந்தான். பக்கத்திலிருந்த துடுப்புக் கட்டையையும் எடுத்தான்.

"உக்காருங்க" என்றான் பூவராகவன். "அந்தக் குப்பத்தாளுங்க எதுவும் செய்யல. அது நான் வேலை செய்யற ஆலைத் தண்ணி. வால்வைத் தொறந்து வுட்டவன் நான்தான்."

காற்றில் வலைகள் மட்டும் அசைந்தன.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுண்ணாம்பு வராததை, குழி நிரம்பியதை, மேஸ்திரி சொன்னதை. மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. அவர்மேல் பழியைப் போடுவதுபோல் இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முனிகிருஷ்ணன் மணலிலிருந்து எழுந்து வந்தான். மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அமிலம் தின்ற சட்டை. பிடித்ததும் கிழிந்து கையோடு வந்தது. அந்தக் கிழிந்த துணியைப் பார்த்தபடி அவன் நின்றான். அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது. "வண்டியில அவ்ளோ நேரம் பேசிகினு வந்தனே, அப்பகூட நீ சொல்லல" என்றான். பிறகு போய்த் தன் படகின்மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பாவு பூவராகவனைப் பார்த்துக் கேட்டார். "இன்னும் தொறப்பாங்களா?"

"இன்னிக்கு ராத்திரியும் எனக்கு டூட்டி. விடியக்காலம் வத்தம் எறங்கறப்ப தொறக்கச் சொல்லுவாங்க."

"நீ தொறக்க மாட்டேன்னா?"

"மேஸ்திரியே தொறப்பாரு. இல்ல, வேற ஆளை வுட்டுத் தொறப்பாரு."

"அப்போ குழாய் வாயை அடைக்கணும்" என்றார் அப்பாவு. "குழாய் எங்க வந்து வுழுது? வெசம் எங்கேர்ந்து வருதுன்னு நாங்க அந்தப் புதரெல்லாம் தேடிட்டோம். குழாய் எதுவும் கண்ணுல படல."

"மண்ணுக்கடியில போட்ட சிமிட்டிக் குழாய். வாய் தண்ணிக்குக் கீழ, தாழை வேருக்கு உள்ள கீது. போடறப்ப நான் கூட இருந்தேன். சாக்குல மணலும் களிமண்ணும் கட்டி அடைச்சா நிக்கும்."

"அப்ப நீ வந்து காட்டு. விடியக்காலம் நாங்க எல்லாரும் போறோம்."

பூவராகவன் தலையை ஆட்டினான். "நான் வந்தா சரியாவாது. வாயை இங்க அடைச்சு, அங்க வால்வைத் தொறந்துட்டாங்கன்னா, அத்தினி அமிலமும் திரும்பிக் குழிக்கு மேல பொங்கிடும். அங்க பாக்கியராஜும் இன்னும் நாலஞ்சு பேரும் வெறுங்காலோட நிப்பாங்க. அண்ணி காலைப் பாத்தீங்க இல்ல. நான் வால்வுகிட்ட இருக்கணும். யாரையும் தொட வுடக்கூடாது."

"அப்ப குழாய யாரு காட்டறது?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தப்பித்துப் போகப் பார்க்கிறான் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். ரயிலேறி உள்ளே போனதும் எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவான் என்றார் இன்னொருவர். அவர்கள் நம்புவதற்குத் தன்னிடம் இப்போது எதுவும் மிச்சமில்லை என்று பூவராகவனுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு எடத்தைச் சொல்லு" என்றாள் கனகாம்பாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த ஓடையில நான் பொறந்ததுலேர்ந்து எறங்கிக்கீறேன். எந்தத் தாழைன்னு சொன்னா போதும், நான் காட்டறேன். அவரு உள்ள போகட்டும்." அவள் அப்பாவுவைப் பார்த்தாள். "அவரு போகாட்டி அங்க இருக்கறவங்களுக்கு எங்கண்ணி கதிதான் ஆவும். அவங்களும் ஒருத்தி ஊட்டு ஆம்பளைங்கதான."

அப்பாவு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "போகட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. விடியக்காலம் அந்தக் குழாயில ஒரு சொட்டு வந்தாலும், இந்த ஊருக்கு இவன் வேணாம்."

பூவராகவன் மணலில் குனிந்து உட்கார்ந்தான். ஓடையை ஒரு கோடாக இழுத்தான். தாழைகள் நிற்கிற வரிசையைக் காட்டினான், சாய்ந்து விழுந்த தாழை எது, அதிலிருந்து எந்தப் பக்கம் கை விட வேண்டும் என்று சொன்னான். கனகாம்பாள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும், "கரையிலேர்ந்து எவ்ளோ ஆழம்?" என்றாள். "உன் கழுத்தளவு" என்றான். "மொதல்ல காலை வச்சுப் பாக்காத. ஒரு கழியை வுட்டுப் பாரு. எறங்கினப்பறம் எரிச்சல் இருந்தா உடனே ஏறிடு."

அவள் சரி என்றாள்.

சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் எழுந்து, கிழிந்த சட்டையோடு வெட்டவெளியை நோக்கி நடந்தான். ஊர் எல்லைவரை அவள் கூட வந்தாள். அங்கே நின்றாள்.

"கனகா, நாளைக்கு இது முடிஞ்சதும் நம்ம ஊட்டுக்கு வந்துடுவியா?"

அவள் அவன் தோளில் தொங்கிய கிழிசலை எடுத்து மேலே போட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியல மாமா. நீ போயி வால்வுகிட்ட நில்லு."

அவன் போனான். தண்டவாளத்துக்கு அப்பால் ஆலைப் புகை தெரிகிற இடம்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் அங்கே இல்லை. ஊருக்குள் அதற்குள் சாக்குகளில் மணல் அள்ளத் தொடங்கியிருந்தார்கள்.